ஊவாத் தோட்டங்களும் இணையவழிக் கூட்டுப்பணியும்: கணக்குக்குள் இருப்பவர்கள் கணக்கைக் காண வேண்டாமா?

கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4 ஆம் திகதி முதன்முறையாக இணையத்தின் ஊடாக நடைபெற்றது. 1883 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆரம்பமான இவ்வேலம், நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரகர்களும் வாங்குவோரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து குரல் கொடுத்து விலை பேசும் முறையிலேயே நடைபெற்று வந்தது. மின்னணு ஏலம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்தபோதிலும் பழைய முறையை விட்டு விலகுவதற்கு வர்த்தகத் துறையினரிடையே தயக்கம் இருந்தது. கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு ஏல மண்டபமும் மூடப்பட்ட பின்னர், இரண்டே வாரங்களில் அந்தத் தயக்கம் நீங்கியது. தமிழகத்தின் குன்னூரில் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே மின்னணு ஏலம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

ஊரடங்கு நாட்களிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் பூனாகலையிலும் கொழுந்து பறிக்கும் வேலை நிற்கவில்லை. பெருந்தோட்டத் தொழிலுக்கு அரசாங்கம் விலக்களித்திருந்தது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வழமைபோல மலைக்குச் சென்றார்கள். வீட்டிலிருந்தவாறே வேலை செய்யக்கூடியவர்கள் கொழும்பிலிருந்து கணினித் திரை மூலம் அந்தத் தேயிலையை விற்றார்கள். ஒரே உற்பத்திச் சங்கிலியின் ஒரு முனையில் கூடையும் மறு முனையில் திரையும் இருந்தன. இந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் சாதனங்கள் எவை, அவற்றை முறையாகப் பயன்படுத்துவது எவ்வாறு, அவற்றின் நன்மை கடைசி முனை வரை சென்றடைகின்றதா என்பவை ஊவா மாகாண மக்கள் அறிந்திருக்க வேண்டிய விடயங்களாகும்.

கூட்டுப்பணிச் சாதனம் என்றால் என்ன?

பல இடங்களிலுள்ள பலர் ஒரே வேலையை ஒன்றாகச் செய்வதற்கு இணையத்தின் வழியே உதவும் மென்பொருட்களையே இணையவழிக் கூட்டுப்பணிச் சாதனங்கள் என்கிறோம். இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்க ஆய்வாளரான டக்ளஸ் ஏங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோ நகரில் நடத்திய செயல்விளக்கத்தில், தொலைவிலுள்ள இருவர் ஒரே ஆவணத்தைத் திரையில் பார்த்தபடியே திருத்த முடியும் என்பதைக் காட்டினார். அது சாதாரண அலுவலகங்களை வந்தடைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன.

இன்று பயன்பாட்டிலுள்ள இத்தகைய சாதனங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, செய்திப் பரிமாற்றத்துக்கானவை. வட்ஸ்அப் குழுக்கள், ஸ்லாக், மைக்ரோசொப்ட் டீம்ஸ் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, சூம் போன்ற காணொளிக் கூட்டச் சாதனங்கள். மூன்றாவது, கூகுள் டொக்ஸ் போன்ற பகிர்வு ஆவணங்களும் பகிர்வுக் கணக்கேடுகளும். நான்காவது, யார் எந்த வேலையை எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும் என்பதைப் பதிந்து வைக்கும் பணிப் பட்டியல்களும் பகிர்வு நாட்காட்டிகளும். பெரும்பாலான அலுவலகங்கள் முதலிரண்டை மாத்திரமே பயன்படுத்திவிட்டுத் தாம் நவீனமயமாகிவிட்டதாக எண்ணுகின்றன. ஆனால் வேலையை உண்மையில் இலகுவாக்குபவை மூன்றாவதும் நான்காவதுமே.

பிரட்டுக்களம் முதல் வட்ஸ்அப் குழு வரை

கூடி வேலை செய்தல் என்பது தோட்டங்களுக்குப் புதியதல்ல. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் யார் எந்த மலைக்குச் செல்வது என்பது அறிவிக்கப்படும். கங்காணி ஆட்களைக் கூட்டிச் செல்வார். கணக்கப்பிள்ளை வருகையைக் குறித்துக்கொள்வார். மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்படும். மாலையில் அந்தக் கணக்கு அலுவலகத்திலுள்ள செக்ரோலில் ஏறும். தொழிற்சாலையில் டீமேக்கர் தமது ஏட்டில் பச்சைக் கொழுந்தின் நிறையையும் தயாரித்த தேயிலையின் நிறையையும் பதிவார். இவற்றின் சாரம் கடிதமாகவும் மாத அறிக்கையாகவும் தபாலில் கொழும்பு சென்றது. 1924 ஆம் ஆண்டு பதுளை வரை நீடிக்கப்பட்ட ரயில் பாதை தேயிலைப் பெட்டிகளோடு இக்கடிதங்களையும் சுமந்தது.

1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 ஆம் ஆண்டில் தனியார் துறையினரிடம் ஒப்படைக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகின. அன்றிலிருந்து பதுளை மாவட்டத்தின் பெருந்தோட்டங்களிற் பல, சட்டப்படி கொழும்பில் தலைமையகத்தைக் கொண்ட கூட்டு நிறுவனங்களின் வேலைத்தலங்களே. வங்கி அல்லது காப்புறுதிக் கம்பனியொன்றின் கிளைக்கும் நமுனுகுல மலைச்சாரலிலுள்ள தோட்டத்துக்கும் இந்த வகையில் வேறுபாடில்லை. முன்பு வாரக்கணக்கில் தபாலில் சென்ற தகவல் இன்று சில விநாடிகளில் சென்றுவிடுகின்றது. முகாமையாளர், உதவி முகாமையாளர்கள், வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஆகியோரைக் கொண்ட வட்ஸ்அப் குழுவில் அன்றைய கொழுந்தின் நிறையும் மழைவீழ்ச்சியும் மாலைக்குள் பதிவாகிவிடுகின்றன.

வேகம் கூடியிருப்பது உண்மை. எனினும் வேலை ஒழுங்காகியுள்ளதா என்பது வேறு கேள்வி. அதனை ஓர் எளிய உதாரணத்தின் மூலம் விளக்கலாம்.

ஒரே பதிவு, ஒரே இடம்

ஒரு தோட்டத்தில் ஐந்து டிவிசன்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டிவிசனும் தனது நாளாந்தக் கணக்கைத் தனித்தனிக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புகின்றது. தோட்ட அலுவலகம் அவற்றை ஒன்றுசேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்புகின்றது. மறுநாள் ஒரு டிவிசன் தனது கணக்கில் பிழை கண்டு திருத்திய கோப்பை அனுப்புகின்றது. இப்போது தலைமையகத்தில் ஒரு கணக்கு, தோட்ட அலுவலகத்தில் இன்னொரு கணக்கு, டிவிசனில் மூன்றாவது கணக்கு. மாத இறுதியில் எது சரியானது என்று கண்டறிவதற்கே இரண்டு கிளாக்கர்களின் இரண்டு நாள் வேலை வீணாகின்றது.

பகிர்வுக் கணக்கேட்டில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கோப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பயணம் செய்வதில்லை. அது ஒரே இடத்தில் இருக்க, அனைவரும் அதனிடம் வருகின்றனர். ஒரு டிவிசனில் திருத்தப்பட்ட எண் அந்த நொடியே தலைமையகத்திலும் திருத்தமாகத் தெரிகின்றது. மின்னஞ்சலுக்கும் கூட்டுப்பணிச் சாதனத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

இதனோடு சேர்ந்து மேலும் இரண்டு அம்சங்கள் உள்ளன. ஒன்று, அனுமதி. யார் பார்க்க மட்டும் முடியும், யார் கருத்து எழுத முடியும், யார் திருத்த முடியும் என்பதை வெவ்வேறாக வரையறுக்கலாம். மற்றையது, திருத்த வரலாறு. எந்த எண்ணை, யார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பது தானாகவே பதிவாகி நிற்கும். பழைய ஏட்டில் அழித்து எழுதியவர் யாரென்று காண்பது கடினம். இங்கு அது ஒளிந்திருக்க முடியாது. ஆனால் ஒரே கடவுச்சொல்லை அலுவலகம் முழுவதும் பயன்படுத்தினால் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும். எனவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் என்பது முதல் விதியாக இருத்தல் வேண்டும்.

ஊவாவின் நிலவமைப்பையும் கருத்திற்கொள்ள வேண்டும். லுணுகலைப் பக்கத்திலும் ஹல்துமுல்லைப் பள்ளங்களிலும் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உள்ளன. இணைப்பு இல்லாத வேளையிலும் தொலைபேசியிலேயே பதிந்து வைத்து, இணைப்புக் கிடைத்ததும் தானாகவே மைய ஏட்டில் சேரும் வசதி பல மென்பொருட்களில் உண்டு. மலையகத் தோட்டமொன்றுக்குச் சாதனத்தைத் தெரிவு செய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த வசதி உள்ளதா என்பதே.

உரையாடல் வேறு, தீர்மானம் வேறு

செய்திக் குழுக்களில் நிகழும் பெருந்தவறு, பேச்சையும் தீர்மானத்தையும் ஒன்றாக்கிவிடுவதாகும். ‘இந்த வாரம் மூன்றாம் நம்பர் மலையின் கானை வெட்ட வேண்டும்’ என்று முகாமையாளர் குழுவில் எழுதுகின்றார். பத்துப் பேர் பெருவிரல் அடையாளமிட்டு ஆமோதிக்கின்றனர். அதன்பின் பிறந்தநாள் வாழ்த்துக்களும் புகைப்படங்களும் வந்து குவிகின்றன. கானை வெட்டப் போவது யார்? எந்த நாளில்? வெட்டப்பட்டதா? இவற்றுக்கான விடை குழுவில் இல்லை. அனைவருக்கும் சொல்லப்பட்ட வேலை எவருக்கும் சொல்லப்படாத வேலையாகிவிடுகின்றது. குரல்பதிவாக அனுப்பப்படும் கட்டளைகளின் நிலை இன்னும் மோசமானது. பின்னர் தேடிப் பார்க்கவும் முடியாது.

எனவே பேச்சு குழுவில் நடக்கட்டும். தீர்மானம் மட்டும் வேலை, பொறுப்பாளர், திகதி, நிலை என்ற நான்கு நிரல்களைக் கொண்ட பகிர்வுப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். கூட்டமொன்று முடியும்போது இந்தப் பட்டியல் திரையில் திறந்திருக்க வேண்டும் என்பது பயனுள்ள நடைமுறையாகும்.

இது வெறும் அலுவலக ஒழுங்கு பற்றிய விடயம் மாத்திரமல்ல. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மண்சரிவு லயங்களை மூடிப் பல உயிர்களைக் காவுகொண்டதை இம்மாகாண மக்கள் மறக்கமாட்டார்கள். அந்த இடம் ஆபத்தானது என்பது எவருக்கும் தெரியாமல் இருக்கவில்லை. 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்களை எந்தத் திகதிக்குள் எவர் பொறுப்பில் எங்கு குடியமர்த்துவது என்ற வேலை முடிவடையாமலேயே இருந்தது. தகவல் இல்லாமையினால் அன்றி, தகவல் ஒரு பொறுப்பாளரின் கடமையாக மாறாமையினால் விளைந்த அனர்த்தம் அது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள் ஏற்பட்டு உயிர்கள் பறிபோயின. மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்ட வேளையில் எந்த வட்ஸ்அப் குழுவும் உதவாது என்பதும் அப்போது தெளிவாகியது. ஆகவே ஒவ்வொரு தோட்டமும் தனது அவசர காலப் பொறுப்புப் பட்டியலை இணையத்தில் மாத்திரமன்றி, அச்சிட்ட தாளாக டிவிசன் அலுவலகச் சுவரிலும் தமிழில் வைத்திருத்தல் வேண்டும்.

மொழியும் எழுத்துருவும்

பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமையக மொழி ஆங்கிலம். அரச அலுவலகங்களில் பெருமளவு சிங்களம். மடுவத்தின் மொழி தமிழ். கூட்டுப்பணிச் சாதனம் எந்த மொழியில் இயங்குகின்றது என்பது, அந்த வேலையில் யார் யார் உண்மையான பங்காளிகள் என்பதைத் தீர்மானிக்கின்றது.

1999 ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் நிர்வாகம் நடத்தப்பட வேண்டிய பிரிவுகளாக்கப்பட்டன. அந்த அறிவித்தல் அரச நிர்வாகத்தையே கட்டுப்படுத்தும். தனியார் கம்பனிகள் தமது உள்ளகக் கணக்கை எம்மொழியில் வைத்திருப்பது என்பது அவற்றின் விருப்பமாகவே உள்ளது. எனினும் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஒரு நியாயத்தை, அதே மக்களின் உழைப்பில் இயங்கும் கம்பனிகளும் ஏற்றுக்கொள்வதில் தவறேதும் இருக்க முடியாது.

தொழில்நுட்ப ரீதியில் இதற்குத் தடை எதுவும் இப்போது இல்லை. முன்பு ஒரு தடை இருந்தது. நமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நீண்டகாலமாகப் பயன்பட்டு வந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், தமிழைத் தமிழாகக் கணினியில் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்களாகவே சேமித்து, அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலே தெரியும். பெயரைத் தேடினால் கிடைக்காது. அகர வரிசைப்படுத்தவும் இயலாது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உரிய குறியீடு உண்டு. ஆகவே பதுளையில் தட்டச்சிட்டதைக் கொழும்பிலும் டுபாயிலும் அதே வடிவில் வாசிக்கலாம். பழைய தட்டச்சுப் பொறி வரிசைக்குப் பழகியவர்கள் இலங்கைத் தரநிலையில் ஏற்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும், ஏனையோர் ஒலியியல் முறையையும் பயன்படுத்தலாம். பாமினியில் உள்ள பழைய கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருட்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெயர்கள் விடயத்தில் இதற்கு விசேட முக்கியத்துவம் உண்டு. தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், செக்ரோலில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருப்பதும், ஓய்வுபெறும் வேளையில் ஊழியர் சேமலாப நிதியைப் பெற அவர் அலைக்கழிக்கப்படுவதும் மலையகம் நன்கறிந்த துன்பங்களாகும். ஒரே பதிவு என்ற கொள்கை இங்கு வரப்பிரசாதமாகவும் அமையலாம், ஆபத்தாகவும் அமையலாம். முதற்பதிவு சரியாயின் எல்லா இடங்களிலும் சரியாகவே இருக்கும். முதற்பதிவு பிழையாயின் அப்பிழை எல்லா ஏடுகளுக்கும் ஒரே நொடியில் பரவிவிடும். எனவே ஏடுகளைக் கணினிமயமாக்கும்போது, உரியவரை அழைத்து அடையாள அட்டையைக் கையில் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டி உறுதிப்படுத்துவது அவசியமாகும்.

நேரமும் நாட்காட்டியும்

தொலைபேசி சட்டைப்பையில் இருப்பதனால் அலுவலகமும் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டிய வெளிக்கள உத்தியோகத்தருக்கு இரவு பத்து மணிக்குத் தலைமையகத்திலிருந்து கேள்வி வருகின்றது. பதிலளிக்காவிடின் அசட்டையாக இருக்கிறார் என்ற அபிப்பிராயம் உருவாகின்றது. இதனைத் தவிர்க்கக் கம்பனிகள் எழுத்து மூலமான விதியொன்றை வகுத்தல் வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின்னர் அனுப்பப்படும் செய்திகளுக்கு மறுநாட் காலையில் பதிலளித்தால் போதுமானது. அவசரமெனில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். செய்தியைக் காலையில் சென்றடையுமாறு நேரங்குறித்து அனுப்பும் வசதியும் பல சாதனங்களில் உண்டு.

பல்லின மக்கள் ஒன்றாகப் பணிபுரியும் நாட்டில் பகிர்வு நாட்காட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் காணொளிக் கூட்டம் வைத்தால் முஸ்லிம் உத்தியோகத்தர் ஜும்ஆத் தொழுகைக்குச் செல்வதா, கூட்டத்தில் இருப்பதா என்று தடுமாற நேரிடும். ரமழான் மாதத்தில் மாலைக் கூட்டம் நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதும். தைப்பொங்கலன்றும் தீபாவளிக்கு முதல்நாள் மாலையிலும் தோட்ட உத்தியோகத்தரின் மனம் திரையில் இராது. பௌர்ணமி தினம் சிங்கள சகோதரர்களுக்கு முக்கியமானது. இந்நேரங்களை எல்லாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பகிர்வு நாட்காட்டியில் குறித்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் தனித்தனியே விலக்குக் கேட்கும் சங்கடம் எவருக்கும் நேராது. உரிமையைச் சலுகைபோலக் கேட்டுப் பெறவேண்டிய நிலையை இச்சிறு ஏற்பாடு நீக்குகின்றது.

தராசும் பேரும்

இனி, இச்சங்கிலியின் முதல் கண்ணியான மடுவத்துக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் அன்று அவர் பறித்த கிலோவில் தங்கியுள்ளது. தோட்டம் நிர்ணயித்த அளவை எட்டாவிடின் முழுப்பேருக்குப் பதிலாக அரைப்பேரே விழும். 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னர், கிலோ அளவு கூட்டப்படுவதாகவும் பேர் பாதியாக்கப்படுவதாகவும் தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. கொழுந்தின் ஈரத்துக்காகவும் சாக்கின் நிறைக்காகவும் கழிக்கப்படும் கிலோ பற்றிய சர்ச்சையோ தலைமுறைகளாகத் தொடர்வது. ஒரு கிலோ, இரண்டு கிலோ என்பது கொழும்புத் திரையில் கண்ணுக்குத் தெரியாத சிறு எண். மடுவத்தில் நிற்பவருக்கு அது முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் இடையிலான எல்லை.

சில கம்பனிகள் இப்போது மின்னணுத் தராசுகளை அறிமுகப்படுத்தியுள்ளன. நிறை தானாகவே பதிவாகித் தோட்ட அலுவலகத்துக்கும் அங்கிருந்து தலைமையகத்துக்கும் செல்கின்றது. கணக்கில் கைவேலை குறைவதால் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்தப் பதிவைப் பார்ப்பவர்கள் யார் என்று கேட்க வேண்டியுள்ளது. முகாமையாளர் பார்க்கின்றார், கணக்காளர் பார்க்கின்றார், பணிப்பாளர் சபையும் பார்க்கின்றது. யாருடைய கூடையிலிருந்து அந்த எண் பிறந்ததோ, அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பகிர்வுக் கணக்கேட்டின் மூன்று சிறப்புக்களாக நாம் மேலே கண்டவை ஒரே பதிவு, திருத்த வரலாறு, பார்க்கும் அனுமதி என்பனவாகும். கம்பனி அதிகாரிகள் தமக்குள் நம்பிக்கையை வளர்த்துக்கொள்ள உதவும் அதே மூன்றும், தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நூறாண்டுகளுக்கு மேலாக நிலவும் அவநம்பிக்கையையும் குறைக்கக்கூடியவை. நிறுக்கப்பட்ட மொத்த நிறை, கழிக்கப்பட்ட நிறை, எஞ்சிய நிறை ஆகிய மூன்று எண்களையும் அன்றே தொழிலாளியின் தொலைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புவது மென்பொருளுக்குப் பெரிய வேலையல்ல. தொலைபேசி இல்லாதவருக்குத் தராசோடு இணைந்த சிறு அச்சுப்பொறி ஒரு சீட்டை வழங்கலாம். பின்னர் எவராவது அந்த எண்ணை மாற்றினால் மாற்றியவர், நேரம், காரணம் ஆகிய மூன்றும் பதிவாக வேண்டும். சம்பளத்தன்று எழும் வாக்குவாதங்களிற் பல அன்றன்றே தீர்ந்துவிடும்.

இவ்வாறு செய்வதற்கு நிர்வாகம் அஞ்ச வேண்டியதில்லை. நேர்மையாக நிறுக்கும் தோட்டத்துக்கு இது தனது நேர்மைக்கான சான்றாக அமையும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்குகின்றது. ஆகவே அந்தப் பதிவு இரு தரப்பினருக்கும் பயன்படக்கூடியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவரைப் பற்றிய தரவு அவரது நலனையும் கருதிக் கையாளப்பட வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியுள்ளது. தொழிலாளியின் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் வட்ஸ்அப் குழுவில் படம்பிடித்துப் போடும் பழக்கம் உடனடியாக நிறுத்தப்பட வேண்டியதாகும்.

செய்ய வேண்டியவை

இதற்கெல்லாம் பெருஞ்செலவு தேவையில்லை. தேவைப்படுவது ஆட்களும் பயிற்சியும் மனப்பாங்கில் மாற்றமுமே. தோட்டத்து லயங்களிலிருந்து உயர்தரம் சித்தியடைந்து வெளிவரும் இளைஞர்களும் யுவதிகளும் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிச் செல்கின்றனர். தமிழும் கணினியும் அறிந்த இவர்களில் டிவிசனுக்கு ஒருவரையேனும் தரவுப் பொறுப்பாளராக நியமித்தால், தலைமையகத் திரைக்கும் மடுவத்துக்கும் இடையே மொழி அறிந்த பாலமொன்று உருவாகும். 2005 ஆம் ஆண்டு பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இதற்கான குறுகிய காலப் பயிற்சிநெறிகளை மும்மொழியிலும் நடத்துவது பற்றிச் சிந்திக்கலாம். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நெனசல அறிவகங்கள் என்ற பெயரில் கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டு செல்லும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதனைப் போன்றதொரு முயற்சி இன்று தோட்டப் பாடசாலைகளை மையமாகக் கொண்டு அமையலாம்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சம்பளத் தொகை பற்றிப் பேசும் அதே மேசையில், அச்சம்பளத்தைக் கணிக்கும் பதிவைப் பார்க்கும் உரிமை பற்றியும் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. எந்த மென்பொருள், யாருக்கு அனுமதி, எந்த மொழியில், பிழையெனின் எத்தனை நாட்களுக்குள் திருத்தம் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்து மூலமான விடை கோரப்பட வேண்டும். தொழிற்சங்க அலுவலகங்கள் தமது அங்கத்தவர் பட்டியலையும் முறைப்பாட்டுப் பதிவுகளையும் இத்தகைய பகிர்வு ஏடுகளில் வைத்திருப்பின், பேச்சுவார்த்தையில் அவற்றின் குரலுக்கு ஆதாரபலமும் கிடைக்கும்.

நகரத்து வியாபார நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் மூன்று நான்கு கிளைகளை வைத்திருக்கும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் பலர், ஒவ்வொரு கிளையின் இருப்பையும் இரவு தொலைபேசியில் கேட்டே அறிகின்றனர். சிறியதொரு பகிர்வுக் கணக்கேடு அவ்வேலையை முடித்துவிடும். ஆனால் கடையில் வேலை செய்யும் பையனும் அதில் தனது வரவை, தனது விடுமுறையை, தனது முற்பணத்தைக் காணக்கூடியவாறு அது அமைந்திருத்தல் வேண்டும்.

ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் ஊவாத் தேயிலைக்கு வரும் நறுமணத்துக்காக, ஏலத்தில் வாங்குவோர் போட்டியிடுகின்றனர். அந்த நாட்களில் விலை ஏறுவதை எந்த நாட்டிலிருந்தும் ஒரு நொடியில் அறிந்துகொள்ளும் வசதி இன்று உண்டு. அதே நொடியில் தனது கூடையின் நிறையை அறிந்துகொள்ளும் வசதி, அந்தக் கொழுந்தைக் கிள்ளியவருக்கும் இருத்தல் வேண்டும். தலைமையகமும் தோட்டமும் கூடி வேலை செய்வதற்கென்றே இச்சாதனங்கள் வந்துள்ளன. அந்தக் கூட்டில் பிரட்டுக்களத்தில் நிற்பவரும் ஒருவர் என்பதைக் கம்பனிகள் ஏற்று, முதலில் ஒரு டிவிசனிலேனும் இதனைச் செய்து காட்டுதல் வேண்டும்.